திருப்பிப் பாருங்கள்: பழைய ராணுவச் சின்னங்களைச் சேர்க்கத் தொடங்குகிறவர்களுக்கு

நூறு வயதான ஒரு தொப்பிச் சின்னத்தைப் புதியவர் கையில் கொடுத்தால் கண் முகப்பிலேயே நின்றுவிடும். சிங்கம், கழுகு, மகுடம், மண்டையோடு எல்லாம் அங்கேதானே இருக்கின்றன. பழகியவரிடம் கொடுத்துப் பாருங்கள். வாங்கிய வேகத்தில் திருப்பிவிடுவார். எந்த உலோகம், எப்படி அடித்தார்கள், கொக்கியை எப்படிப் பற்றவைத்தார்கள், பிறகு யாராவது கைவைத்தார்களா என்பதெல்லாம் பின்பக்கத்தில்தான் கிடக்கிறது. போலி செய்கிறவன் உழைப்பையெல்லாம் முகப்பில் கொட்டிவிட்டு முதுகில் அசந்துவிடுகிறான். இந்தக் கட்டுரை எங்கே சுற்றினாலும் அந்த ஒரு பழக்கத்துக்குத்தான் திரும்பி வரும்.

முதலில், எல்லையைப் போடுங்கள்

சின்னம் என்ற ஒற்றைச் சொல்லுக்குள் பல குடும்பங்கள் இருக்கின்றன. தொப்பியில் குத்துவது, காலரில் ஜோடியாக வருவது, தோளில் ரெஜிமென்ட்டின் பெயரை எழுத்தாகத் தாங்குவது, சட்டைக் கையில் தைக்கிற துணிச் சின்னம், விமானிகளும் பாராசூட் வீரர்களும் அணியும் சிறகு, பதவியைக் காட்டும் நட்சத்திரமும் பட்டையும், பொத்தான், பெல்ட் பக்கிள் என்று நீளும்.

பதக்கம் வேறு உலகம். சின்னம் படைப்பிரிவுக்குச் சொந்தம், பதக்கம் ஆளுக்குச் சொந்தம். முதல் உலகப்போருக்காக பிரிட்டன் வழங்கிய போர்ப் பதக்கத்தின் விளிம்பில் வீரரின் எண், பெயர், பிரிவு எல்லாம் பொறித்திருக்கும்; 1914-15 நட்சத்திரத்தில் அவை பின்பக்கத்தில் இருக்கும். இரண்டாம் உலகப்போருக்காக அதே நாடு கொடுத்த நட்சத்திரங்களோ பெயரில்லாமலே வழங்கப்பட்டன. இப்படிப் பதக்கத்துக்கென்று தனிப் பாடமே உண்டு. இரண்டையும் ஒரே நேரத்தில் படிக்க முயலாதீர்கள்.

உலகச் சின்னங்கள் அத்தனையும் சேர்க்கிறேன் என்று கிளம்பினால் கடலில் கரைத்த பெருங்காயம்தான். பணமும் போகும், எதிலும் கண் தேறாது. குறுகலான ஒரு வட்டம் போதும். எனக்குப் பிடித்த சில வட்டங்களைச் சொல்கிறேன்.

முதல் உலகப்போரில் கடல்கடந்து போரிட கனடா திரட்டிய படையில் எண்ணிட்ட காலாட்படை பட்டாலியன்கள் 260. பெரும்பாலான சின்னங்களில் மேப்பிள் இலை. இலையின் நடுவில் பட்டாலியன் எண்ணும் அந்தந்த ஊருக்கான அடையாளமும் வரும். எண் வரிசை இருப்பதால் எது கிடைத்தது, எது பாக்கி என்பது சட்டென்று தெரியும். புதியவருக்கு இதைவிட ஒழுங்கான வட்டம் அமைவது கடினம்.

ஆஸ்திரேலியாவின் உதயசூரியன் சின்னம் இன்னொன்று. 1902இல் தென்னாப்பிரிக்காவுக்குப் புறப்பட்ட படையில் தொடங்கி இன்றுவரை தொடர்கிறது. வடிவங்கள் கைவிரல்களில் எண்ணக்கூடியவை. முழுத்தொகுப்பு கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது.

கலகலப்பு வேண்டுமென்றால் முதல் உலகப்போர்க் காலத்து ஆஸ்திரிய-ஹங்கேரியத் தொப்பிச் சின்னங்கள். படைவீரர்கள் ஆசைக்கு வாங்கித் தொப்பியின் பக்கவாட்டில் குத்திக்கொண்டவை. மலை, பீரங்கி, கரடி, தளபதியின் முகம் என்று வகை ஏராளம். அதிகாரபூர்வப் பட்டியலுக்குள் அடங்காதவை. அந்த அடங்காத்தனமே சிலருக்கு ருசி.

ஒரு வட்டத்தை மட்டும் முதல் இரண்டு வருடம் தொடாதீர்கள்: நாஜி ஜெர்மனி, அதிலும் எஸ்.எஸ். பிரிவின் பொருட்கள். போலிகள் குவிந்து கிடக்கும் துறை அது. போர் முடிந்ததிலிருந்தே செய்துகொண்டிருக்கிறார்கள். எழுபது வருடப் பழைய போலிக்கு அசல் களிம்பே ஏறிவிட்டது. அனுபவசாலிகளே அடிபடுகிற இடத்தில் புதியவருக்கு என்ன வேலை?

வாங்காமல் பார்க்கிற காலம்

அடுத்த படி பலருக்குப் பிடிக்காது: மூன்று மாதம் எதையும் வாங்காதீர்கள். பாருங்கள். லண்டனின் இம்பீரியல் வார் மியூசியமும் நேஷனல் ஆர்மி மியூசியமும், கான்பெராவின் ஆஸ்திரேலிய வார் மெமோரியலும் தங்கள் சேகரிப்புப் படங்களை இணையத்தில் வைத்திருக்கின்றன. பாரிஸ் போகிற வாய்ப்புள்ளவர்கள் இன்வாலிட்ஸ் வளாகத்து ராணுவ அருங்காட்சியகத்துக்கு ஒரு முழுநாள் ஒதுக்கலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் முகப்பு மட்டுமே தெரியும் என்பதுதான் சங்கடம். முதுகைப் பார்க்க வேண்டுமென்றால் மூத்த சேகரிப்பாளர் ஒருவரின் இழுப்பறைதான் கதி. பெரும்பாலோர் ஆசையாகவே காட்டுவார்கள். கேட்பார் இல்லாமல் தவிக்கிற கூட்டம் அது.

பார்க்கும்போதே கருவிகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு காட்டும் காலிப்பர், கிராமில் பத்தில் ஒரு பங்கு காட்டும் தராசு, சின்னக் காந்தம், புற ஊதா டார்ச். ஐந்தும் ஒரு பென்சில் டப்பாவில் அடங்கும்.

வயதைப் படிப்பது

முகப்பு வீண் என்று நான் சொல்லவில்லை. வயதை முதலில் சொல்வது அதுதான்.

பிரிட்டிஷ் சின்னங்களிலும் அதன் பேரரசு நாடுகளின் சின்னங்களிலும் மகுடத்தைப் பாருங்கள். விக்டோரியா அரசி 1901இல் இறக்கும்வரை ஒரு வடிவம். அதன்பின் 1952வரை மேல்வளைவு குவிமாடம்போல் உருண்டு நிற்கும் ட்யூடர் மகுடம். இரண்டாம் எலிசபெத் காலத்தில் நடுவில் பள்ளம் விழுந்த செயின்ட் எட்வர்ட் மகுடம். படத்தில் மூன்றையும் அருகருகே வைத்து ஒருமுறை பார்த்துவிட்டால் பிறகு மறக்காது. மேல்வளைவு உருண்டிருந்தால் 1952க்கு முந்தையது என்று ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். 2022இல் மூன்றாம் சார்லஸ் ட்யூடர் வடிவத்தையே மறுபடி தேர்ந்தெடுத்துவிட்டதால் அந்தச் சலுகையும் போயிற்று.

மகுடத்துக்கு அடுத்து எண். 1881 சீர்திருத்தத்தில் பிரிட்டிஷ் காலாட்படை ரெஜிமென்ட்டுகள் எண்ணை விட்டுவிட்டு மாவட்டப் பெயர்களுக்கு மாறின. இருபத்தி நான்காம் ரெஜிமென்ட் சவுத் வேல்ஸ் பார்டரர்ஸ் ஆனது அப்போதுதான். ஆக, எண் மட்டும் தாங்கிய பழைய தகடு எதிர்ப்பட்டால் 1881க்கு முந்தையதா என்று விசாரிக்கத் தொடங்கலாம்.

பிறகு வாசகம். உதயசூரியனின் அடியிலுள்ள பட்டையில் ‘ஆஸ்திரேலியன் காமன்வெல்த் மிலிட்டரி ஃபோர்சஸ்’ என்றிருந்தது 1949இல் ‘ஆஸ்திரேலியன் மிலிட்டரி ஃபோர்சஸ்’ என்று சுருங்கியது. 1969இல் வெறும் ‘ஆஸ்திரேலியா’. 1991இல் ‘தி ஆஸ்திரேலியன் ஆர்மி’. கல்வெட்டைப் படிப்பது மாதிரிதான் இதுவும்.

ஆட்சி மாறினால் சின்னமும் மாறும். 1917க்குப் பின் ரஷ்யாவில் இரட்டைத்தலைக் கழுகு இறங்கிச் செந்நட்சத்திரம் ஏறியது. சோவியத் படையில் தோள்பட்டைகள், அதாவது தோளில் பதவியைக் காட்டும் பட்டைகள், திரும்பி வந்தது 1943 ஜனவரியில். அதற்கு முன் ஒருவரின் பதவியைக் காலரிலிருந்த முக்கோணம், சதுரம், செவ்வகத்தை எண்ணித்தான் சொல்ல வேண்டும். 1942 என்று ஒரு புகைப்படம் காட்டி, அதில் தோள்பட்டையும் இருந்தால் யாரோ ஆண்டைத் தப்பாக எழுதியிருக்கிறார்கள்.

இங்கே ஒரு பொறி. சின்னத்தில் இருக்கும் ஆண்டு அது செய்யப்பட்ட ஆண்டாக இருக்க வேண்டியதில்லை. ஜெர்மனியின் இரும்புச் சிலுவை என்ற வீர விருதைப் பிரஷ்ய மன்னர் மூன்றாம் பிரடெரிக் வில்லியம் 1813இல் நிறுவினார். 1870, 1914, 1939 போர்களில் அது புதுப்பிக்கப்பட்டது. 1914 என்று பொறித்த சிலுவை 1918இலும் செய்யப்பட்டிருக்கலாம், போருக்குப் பிறகும் செய்யப்பட்டிருக்கலாம். இரண்டாம் உலகப்போர் விருதுகளை ஸ்வஸ்திகா இல்லாமல் அணியலாம் என்று மேற்கு ஜெர்மனி 1957இல் சட்டம் போட்டபின், அந்த இடத்தில் கருவாலி (ஓக்) இலை வைத்த வடிவங்களும் வந்தன. அவை போலி அல்ல. 1939ஐச் சேர்ந்தவையும் அல்ல.

இப்போது திருப்புங்கள்

பழைய தொப்பிச் சின்னங்களில் பெரும்பாலானவை மெல்லிய தகட்டை இரும்பு அச்சுகளுக்கு இடையே வைத்து ஓங்கி அடித்துச் செய்தவை. முகப்பில் மேடாக இருப்பது முதுகில் பள்ளமாக இருக்கும். சிங்கத்தின் பிடரியைத் திருப்பிப் பார்த்தால் அதன் குழி தெரியும். வெட்டி எடுத்த ஓட்டைகளின் ஓரம் கூராக, சில இடங்களில் வெட்டிய கோடு தெரிகிற மாதிரி இருக்கும். அசலை மணலிலோ ரப்பரிலோ பதித்து உலோகத்தை ஊற்றிய வார்ப்பில் இந்தக் கூர்மை வராது. முதுகு தட்டையாகவோ மணல்மணலாகவோ இருக்கும், லென்ஸில் குட்டிக் குமிழிகள் தெரியும், எழுத்தின் ஓரம் சோப்பு கரைந்ததுபோல் மழுங்கியிருக்கும். உருகிய உலோகம் ஆறும்போது சுருங்குவதால் வார்ப்பு அசலைவிட ஒரு மயிரிழை சிறிதாகவும் இருக்கும். காலிப்பர் வாங்கச் சொன்னது அதற்குத்தான்.

அவசரப்பட்டு ‘தட்டை முதுகு என்றால் போலி’ என்று விதி எழுதிவிடாதீர்கள். அதிகாரிகளுக்கான கனத்த வெண்கலச் சின்னங்களும், பல நாடுகளின் எனாமல் சின்னங்களும் இயல்பாகவே அப்படி அமைந்தவை. உங்கள் வட்டத்தில் எது வழக்கம் என்பது மட்டுமே கணக்கு.

அடுத்தது பிடிமானம். பிரிட்டிஷ் சின்னங்களில் முதலில் இரண்டு செம்பு வளையங்கள். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து பலவற்றில் தொப்பிக்குள் செருகும் நீளப் பட்டை, அதாவது ஸ்லைடர். அதிகாரிகளுடையதில் மடக்கிவிடும் மெல்லிய நாக்குகள். அமெரிக்கச் சின்னங்களில் ஊசி, திருகு, பிறகு இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் பரவிய, அழுத்திப் பிடிக்கும் கிளட்ச். சோவியத் விருதுகள் பலவற்றில் திருகும் நட்டும், முதுகில் வரிசை எண்ணும். பற்றவைத்த இடம் பளபளவென்று புதிதாக இருந்து மற்ற இடமெல்லாம் கருத்திருந்தால், ஒன்று யாரோ பழுது பார்த்திருக்கிறார்கள், அல்லது ஏமாற்றுகிறார்கள். அணிந்த சின்னத்தில் வளையத்தின் உட்புறமும் ஸ்லைடரின் நுனியும் தேய்ந்திருக்கும். முகப்பு மட்டும் தேய்ந்து முதுகு கன்னி கழியாமல் இருந்தால் அது மனிதன் அணிந்த தேய்மானம் இல்லை, மெஷின் கொடுத்தது.

எல்லாவற்றையும்விடக் குழப்புவது மறு அச்சடிப்பு. அசல் அச்சு எங்கோ பிழைத்திருக்கும்; ஐம்பது வருடம் கழித்து அதிலேயே அடிப்பார்கள். முகப்பு அப்பட்டமான அசல், ஏனென்றால் அச்சு அசல். ஆனால் அச்சில் விரிசல் விழுந்திருந்தால் அது மெல்லிய மேட்டுக்கோடாகச் சின்னத்தில் விழும், தகட்டின் கனம் மாறியிருக்கும், ஸ்லைடரின் அகலம் பொருந்தாது. நான் ஆரம்பத்தில் வாங்கிய, பதினேழாம் லான்சர்ஸ் என்ற பிரிட்டிஷ் குதிரைப்படை ரெஜிமென்ட்டின் மண்டையோட்டுச் சின்னம் இந்த ரகம். கியூபெக்கில் 1759இல் இறந்த தளபதி உல்ஃபின் நினைவாக அந்த ரெஜிமென்ட் மண்டையோட்டை எடுத்துக்கொண்டது என்ற கதையில் மயங்கி, ஒரு வியாபாரியிடம் திருப்பிக்கூடப் பார்க்காமல் வாங்கினேன். ஸ்லைடரில் ஜே.ஆர். காண்ட் என்ற புகழ்பெற்ற நிறுவனத்தின் முத்திரை வேறு. முத்திரை இருந்தால் அசல் என்று நினைத்த காலம். அந்த முத்திரையைத்தான் போலிகளிலும் விரும்பிக் குத்துகிறார்கள் என்பது பிறகு தெரிந்தது. அதை இன்றும் வைத்திருக்கிறேன். அசல் ஒன்றின் பக்கத்தில் வைத்தால் அதைவிட நல்ல உரைகல் இல்லை.

எதிர்ப்பக்கத் தவறும் நடக்கும்: அசலைப் போலி என்று தூக்கிப்போடுவது. முதல் உலகப்போரில் 1916 வாக்கில் நிக்கலை மிச்சப்படுத்த, இரு உலோகத்தில் வந்துகொண்டிருந்த பிரிட்டிஷ் சின்னங்கள் பலவற்றை முழுப் பித்தளையில் அடித்தார்கள். இரண்டாம் உலகப்போரில் உலோகமே தட்டுப்பாடாகிப் பிளாஸ்டிக்கில் செய்தார்கள். பழுப்பும் சாம்பலுமாக, பொம்மை மாதிரி இருக்கும். ஒவ்வொன்றும் அசல், சில பிரிவுகளின் பிளாஸ்டிக் சின்னம் உலோகச் சின்னத்தைவிட அரிது. 1950களிலிருந்து வந்தவை தங்க நிற முலாம் ஏற்றிய அலுமினியம், துலக்கத் தேவையில்லாதது. கையில் எடுத்தால் கனமே இருக்காது. அலுமினியத்தில் விக்டோரியா மகுடம் என்றால் பேச்சே வேண்டாம், வைத்துவிட்டு நகருங்கள்.

காந்தத்தை எங்கே வைப்பது? பித்தளையும் வெள்ளியும் ஒட்டாது. ஒட்டினால் உள்ளே இரும்பு, மேலே முலாம். இரும்புச் சிலுவையில் நேர்மாறு: கருத்த இரும்பு நடுத்தகட்டை இரண்டு வெள்ளிச் சட்டங்களுக்குள் வைத்துப் பற்றவைத்ததுதான் மரபான அமைப்பு. ஒரே துண்டாக வார்த்துக் கறுப்புப் பெயின்ட் அடித்ததில் அந்த விளிம்பு இணைப்பு தெரியாது.

எனாமல் என்றால் பிரெஞ்சு ரெஜிமென்ட் சின்னங்கள்தான் நினைவுக்கு வரும். பழைய எனாமல் உருக்கிய கண்ணாடி. உதட்டில் வைத்தால் சில்லென்றிருக்கும், ஊசி நுனி இறங்காது. இன்றைய பிசின் எனாமல் வெதுவெதுப்பாக, ஊசிக்கு இளகும். (ஊசியை ஓரத்தில் மட்டும், அதுவும் உங்களுடைய பொருளில் மட்டும்.) டிராகோ என்ற பாரிஸ் தயாரிப்பாளர் முதுகில் தன் தெரு முகவரியையும் பொறித்தார், முகவரி மாறியதை வைத்தே காலத்தைக் கணிக்கிறவர்கள் இருக்கிறார்கள்.

துணிச் சின்னம்

அமெரிக்கப் படையில் தோள் துணிச் சின்னத்தைத் தொடங்கிவைத்தது 81ஆம் டிவிஷன். 1918இல் காட்டுப்பூனை உருவத்தைத் தைத்துக்கொண்டார்கள். இங்கேயும் முதுகுதான் பேசும். பருத்தி நூலில் எம்பிராய்டரி செய்த பழைய சின்னத்தின் பின்புறம் நூல் முடிச்சுகளும் தொங்கலுமாக இருக்கும். பிளாஸ்டிக் பூசி வழவழப்பாக இருந்தால் பின்னாளையது. ஓரத்தைச் சுற்றிக் கயிறுபோல் தடித்த தையல் இருந்தாலும் அப்படியே. இரண்டாம் உலகப்போர் அமெரிக்கச் சின்னங்களின் ஓரம் வெட்டிவிட்டதாக இருக்கும்.

புற ஊதா டார்ச்சை இருட்டில் அடியுங்கள். செயற்கை நூலும் வெண்மையூட்டிய துணியும் நீலமாக ஒளிரும். பழைய பருத்தி மந்தமாகக் கிடக்கும். ஆனால் அசலையும் பிற்பாடு யாராவது இன்றைய சோப்புத்தூளில் துவைத்திருந்தால் அதுவும் ஒளிரும். ஆகவே டார்ச் சந்தேகத்தை எழுப்பும், தீர்ப்புச் சொல்லாது.

வாங்கும்போது

ஏலம், ராணுவப் பொருள் சந்தை, வியாபாரிகள், இணையம் என எங்கே வாங்கினாலும் கேட்க வேண்டியவை இவை: முதுகின் தெளிவான படம், பக்கவாட்டுப் படம், அளவு, எடை, அசல் இல்லையென்றால் திருப்பித் தரும் உத்தரவாதம் எழுத்தில். முதுகுப் படம் கேட்டதும் பதில் நின்றுவிட்டால் விஷயம் முடிந்தது.

கதைக்குப் பணம் கொடுக்காதீர்கள். ‘தாத்தா போரிலிருந்து கொண்டுவந்தது’ என்பதைச் சொல்ல யாராலும் முடியும். அந்தத் தாத்தாவின் சேவைப் பதிவேடு, கடிதம், அதே சின்னத்தோடு இருக்கும் புகைப்படம் இருந்தால் அப்போது கதைக்கும் விலை உண்டு. நல்ல கதைகள் இருக்கவே செய்கின்றன. பிரிட்டனின் குளொஸ்டர்ஷயர் ரெஜிமென்ட், 1994இல் வேறொரு ரெஜிமென்ட்டோடு இணையும்வரை, தொப்பிக்கு முன்னால் ஒன்று, பின்னால் குட்டியாக ஒன்று என இரண்டு சின்னம் அணிந்தது. 1801 மார்ச் 21 அன்று அலெக்சாந்திரியாவில் அதன் முன்னோடியான இருபத்தி எட்டாம் ரெஜிமென்ட் முதுகோடு முதுகு நின்று இருபுறமும் போரிட்டதற்கான பெருமை அது. இதைத் தெரிந்து வைத்திருப்பவருக்கு, மூட்டையாக விற்கும் சில்லறைக்குள் கிடக்கும் அந்தப் பின்பக்கச் சின்னத்தின் குட்டி ஸ்பிங்க்ஸ் (மனிதத்தலை கொண்ட எகிப்தியச் சிங்க உருவம்) உடைந்த காலர் சின்னமாகத் தெரியாது.

சட்டம்

நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் மெடல் ஆஃப் ஆனர் விருதை விற்பதும் வாங்குவதும் குற்றம். ரஷ்யாவில் சோவியத் அரசு விருதுகளை விற்பது குற்றவியல் சட்டத்தின்படி தண்டனைக்குரியது; திருகு வைத்த செந்நட்சத்திர விருதை அங்கிருந்து பையில் போட்டுக்கொண்டு வரலாம் என்று நினைக்காதீர்கள். ஜெர்மனியில் ஸ்வஸ்திகா உள்ள பொருளைப் பொதுவில் காட்டுவதற்குத் தடை. ஆய்வு, கல்வி போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு. இந்தியாவின் 1972 தொல்பொருள் சட்டம் நூறாண்டு கடந்த பொருட்களை நாட்டைவிட்டு வெளியே அனுப்பக் கட்டுப்பாடு விதிக்கிறது. போர்க்கள நிலத்தில் உலோகம் கண்டறியும் கருவியோடு இறங்குவது பல இடங்களில் அனுமதி இல்லாமல் கூடாது. பிரிட்டனில் விழுந்து நொறுங்கிய ராணுவ விமானங்களின் எச்சங்களை 1986ஆம் ஆண்டுச் சட்டம் காக்கிறது. சட்டத்தை விடுங்கள், பிரான்ஸ், பெல்ஜியம் வயல்களில் முதல் உலகப்போரின் குண்டுகள் இன்னும் வெடிக்காமல் கிடக்கின்றன. பொத்தானுக்காகக் குழி தோண்டுகிற இடம் அதுவல்ல.

துலக்காதீர்கள்

புதிதாக வாங்கியதை மெட்டல் பாலிஷ் போட்டுப் பளபளப்பாக்க கை துறுதுறுக்கும். கையைக் கட்டுங்கள். நூறு வருடம் ஏறிய நிறம் ஒரு மாலையில் போய்விடும், திரும்ப வராது. நுண்ணிய கோடுகளும் கூடவே தேயும். படைவீரர்களே தினம் துலக்கினார்களே என்பீர்கள். உண்மைதான், அந்தத் தேய்மானம் வரலாறு. நீங்கள் தேய்ப்பது சேதம்.

தூசியை மெல்லிய தூரிகையால் தட்டுங்கள். பச்சைக் களிம்பை மரக்குச்சி நுனியால் பொறுமையாகச் சுரண்டலாம், இரும்பு வேண்டாம். பி.வி.சி. உறைகளைத் தூக்கி எறியுங்கள். அவை மெல்ல அமிலம் கக்கிப் பித்தளையைப் பச்சைப் பிசினாக்கும். பாலிஎதிலீன், பாலிப்ரோப்பிலீன் உறைகள் நல்லவை. கருவாலி மரப் பெட்டியும் அமில ஆவி விடும். ஈயம் கலந்தவற்றை அதில் வைக்காதீர்கள். பெட்டிக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று. கம்பளிச் சின்னத்தில் அந்துப்பூச்சி தெரிந்தால் காற்றுப் புகாத பாலிதீனில் கட்டி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் பிரிக்காமல், அறைவெப்பத்துக்கு வந்தபின் பிரியுங்கள்.

பதிவேடு

ஒவ்வொன்றுக்கும் ஒரு அட்டை. எண், படைப்பிரிவு, உலோகம், அளவு, எடை, பிடிமானம், எங்கே எப்போது யாரிடம் வாங்கியது, கொடுத்த தொகை, சந்தேகம் இருந்தால் அந்தச் சந்தேகம். எண்ணைச் சின்னத்தில் எழுதாதீர்கள், உறையில் எழுதுங்கள், பென்சிலால். பழுது பார்த்தது தெரிந்தால் அதையும் எழுதுங்கள். நாளை நீங்கள் விற்கும்போது அந்த வரியை மறைக்கக் கூடாது. இரண்டு புகைப்படம் எடுத்து அட்டையோடு சேருங்கள். ஒன்றுதான் எடுக்க நேரமிருக்கிறது என்றால் முதுகை எடுங்கள்.